‘கமலா’ நாடகம் தமிழில்: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

திரைச்சீலை கேட்டது:

வணக்கம் தோழர்களே. விஜய் டெண்டுல்கர் மராத்தியில் எழுதிய ‘கமலா’வைத் தமிழில் போடுவதென்று முடிவாகியிருக்கிறது. பிரியா அடார்க்கரின் ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துத் தமிழ் வரைவு எழுதியாயிற்று. மேடையில் 6 பாத்திரங்கள். வெறும் வாசிப்பிலேயே 2 மணி 5 நிமிடம் ஓடுகிறது. அரங்கம் 150 இருக்கை. மேடை 24 அடி அகலம், 16 அடி ஆழம். பக்கவாட்டில் இடம் குறைவு, மாடிப்படி செட் போட வழியில்லை.

நாடகம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: டெல்லியில் ஆங்கிலப் பத்திரிகை நிருபர் ஜெய்சிங் ஜாதவ். பெண்களை ஏலம் போடும் சந்தை நடப்பதை நிரூபிக்க, ராஞ்சி தாண்டி இருக்கும் ஒரு சந்தையில் கமலா என்ற பழங்குடிப் பெண்ணை 250 ரூபாய்க்கு வாங்கி வீட்டுக்கே அழைத்து வருகிறான். கிழிந்த புடவையோடு பத்திரிகையாளர் கூட்டத்தில் நிறுத்துகிறான். வேலை முடிந்ததும் ஆசிரமத்துக்கு அனுப்பிவிடுகிறான். அவன் மனைவி சரிதா இதைப் பார்க்கப் பார்க்க, அந்த வீட்டில் தன் இடம் என்ன என்பது அவளுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது.

தெளிவு தேவைப்படும் இடங்கள் இவை. கதையைச் சென்னைக்கு மாற்றி ஜெய்சிங்கை டிவி சேனல் ஆளாக்கலாமா? பத்திரிகையாளர் கூட்டம் மூலத்தில் மேடையில் நடப்பதில்லை, பேச்சில்தான் வருகிறது. அதை வீடியோவாகக் காட்டலாமா? இரவுக் காட்சியில் கமலா சரிதாவிடம் “உங்களை என்ன விலைக்கு வாங்கினார்” என்று கேட்கும்போது வாசிப்பிலேயே எல்லோரும் சிரித்துவிடுகிறார்கள், அதை எப்படிச் சமாளிப்பது? கமலா எந்த வட்டார வழக்கில் பேச வேண்டும்? கிழிந்த புடவை, 1981 காலத்து டெலிபோன், செய்தித்தாள் இதையெல்லாம் எப்படிச் செய்வது? உரிமை யாரிடம் வாங்க வேண்டும்?

இதில் ஒன்று தவறினாலும் ஜெய்சிங் அந்தப் பெண்ணுக்குச் செய்ததையே மேடையும் செய்துவிடுமோ என்பதுதான் பெரிய பயம்.


மூன்றாவது மணி எழுதியது:

உங்கள் பயம் நியாயமானது. எல்லா முடிவையும் அதையே அளவுகோலாக வைத்து எடுங்கள். முதல் இரண்டு கேள்விக்கு என் பதில்.

சென்னைக்கு மாற்றாதீர்கள், டிவிக்கும் மாற்றாதீர்கள். இந்தக் கதை டெல்லியில், 1981இல் வேர் விட்ட கதை. அந்த ஆண்டு ஏப்ரலில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நிருபர் அஸ்வினி சரின், பெண்கள் விற்கப்படுகிறார்கள் என்று காட்டுவதற்காக ஒரு பெண்ணை 2,300 ரூபாய்க்கு வாங்கி டெல்லிக்கு அழைத்து வந்து முதல் பக்கத்தில் எழுதினார். பஞ்சாபில் ஓர் எருமைக்குக் கொடுக்கிற விலையில் இது பாதி என்று அவரே குறிப்பிட்டிருந்தார். நெருக்கடி நிலை முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். பத்திரிகைகள் துணிந்து தோண்ட ஆரம்பித்திருந்தன. பீகாரின் பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் கண்களைப் போலீசார் குருடாக்கிய செய்தி 1980 கடைசியில்தான் வெளியே வந்திருந்தது. நிருபர்மேல் ஜனங்களுக்குப் பெரிய மரியாதை இருந்த அந்த நேரத்தில், அதே ஆண்டிலேயே, டெண்டுல்கர் இந்த நாடகத்தை எழுதினார். ஊடகத்தை எல்லோரும் திட்டும் காலத்தில் ஊடகத்தைத் திட்டி நாடகம் போடுவதும் அதுவும் ஒன்றல்ல.

டிவிக்கு மாற்றினால் இன்னொரு சிக்கல் வரும். இன்றைய பார்வையாளர் “ஸ்டிங்” (ரகசியமாகப் படம்பிடித்து அம்பலப்படுத்துவது) என்றதும் இது செட்டப்பா என்றுதான் முதலில் யோசிப்பார். 2007இல் டெல்லியில் ஒரு பள்ளி ஆசிரியைமீது ஒளிபரப்பான ஸ்டிங் போலி என்று தெரிந்து, அந்தச் சேனலை மத்திய அரசு ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. அதற்கப்புறம் அந்தச் சந்தேகம் மக்கள் மனசில் நின்றுவிட்டது. ‘கமலா’வில் செய்தி பொய்யே கிடையாது. சந்தை உண்மை, விற்பனை உண்மை, ஜெய்சிங்கின் துணிச்சலும் உண்மை. இவ்வளவு உண்மையான செய்திக்குள்ளேயும் ஒரு பெண் பண்டமாகத்தான் போய்ச் சேருகிறாள். நாடகத்தின் கூர்மை முழுக்க இங்கேதான். செய்தி போலி என்ற வாசம் துளி அடித்தாலும் பார்வையாளருக்கு வேலை சுலபமாகிவிடும், கெட்ட நிருபர் என்று ஒதுக்கிவிட்டு நிம்மதியாக எழுந்து போவார். ஆகவே ஜெய்சிங்கை நடிப்பவரிடம் வில்லத்தனத்தின் சாயலே இருக்கக் கூடாது. முதல் 20 நிமிடம் பார்வையாளர் அவனை விரும்ப வேண்டும். உழைப்பாளி, பயமில்லாதவன், சொந்தப் பணத்தையும் உயிரையும் பணயம் வைத்து ஊர் ஊராக அலைகிறவன்.

விலையையும் தொடாதீர்கள். “இன்றைய மதிப்புக்கு 25,000 என்று போடலாமே” என்று ஒத்திகையில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். 250 ரூபாய், ஒரு காளைமாட்டு விலைகூட இல்லை என்று ஜெய்சிங் சொல்லும் இடம் இருக்கிறது. பிறகு சரிதா தன் விலையாகச் சொல்வது 700. இந்த இரண்டு எண்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. எண் பெரிதானால் பார்வையாளர் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார், காட்சி கை நழுவும்.

பத்திரிகையாளர் கூட்டத்துக்கு வீடியோ கூடவே கூடாது. திரையில் கமலாவைக் காட்டிய மறுநிமிடம் 150 பேரும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்த நிருபர்களாகிவிடுவார்கள். கிழிசலைத் தேடிக் கண் போகும். டெண்டுல்கர் அதை மேடைக்கு வெளியே வைத்ததற்குக் காரணம் உண்டு. ஜெய்சிங்கும் நண்பன் ஜெயினும் குடித்துவிட்டு வந்து, யார் யார் என்ன கேட்டார்கள், அவள் எப்படி முழித்தாள் என்று சிரித்துச் சிரித்துச் சொல்கிறார்கள். சரிதாவின் சித்தப்பா காகாசாகேப்புக்குக் கோபம் வருகிறது. நாடகத்தில் ஆகக் கொடூரமான இடம் அந்தச் சிரிப்பு. அதை அப்படியே காதால் கேட்க விடுங்கள்.

அந்தக் காட்சிக்கு ஆட்களை நிறுத்தும் முறை: ஜெயினும் ஜெய்சிங்கும் மேடையின் முன்பகுதியில், பார்வையாளரைப் பார்த்தபடி. காகாசாகேப் வலது ஓரம் நாற்காலியில். சரிதா பின்னால் நிற்க வேண்டும், கையில் வேலை எதுவும் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு கேள்வியைச் சொல்லும்போது அரங்கமும் சேர்ந்து சிரிக்கும், தடுக்க வேண்டாம். மூன்றாவதில் கமலாவிடம் அவள் உடம்பைப் பற்றிக் கேட்ட கேள்விகள் வரும்போது இவர்கள் இரண்டு பேர் சிரிப்பு மட்டும் கூடட்டும். நடிகர்கள் வேகத்தைக் குறைத்து “இது சோகம்” என்று பார்வையாளருக்குக் குறிப்புக் கொடுக்கவே கூடாது. காகாசாகேப் குறுக்கிடும் முன் 3 அல்லது 4 வினாடி மௌனம் போதும். அதற்குமேல் இழுத்தால் இயக்குநர் பாடம் நடத்துவதுபோல ஆகிவிடும்.


நேரிசை எழுதியது:

மொழி விஷயம். முதலில் சின்னதாகத் தெரிகிற, ஆனால் மேடையில் பெரிதாக வெடிக்கிற ஒன்று. சரிதா தன் சித்தப்பாவை “காகா” என்று கூப்பிடுகிறாள். தமிழ் மேடையில் ஒரு பெண் உருக்கமாக “காகா…” என்றால் அரங்கம் காக்காயை நினைத்துச் சிரிக்கும். உருக்கமான கடைசிக் காட்சி அங்கேயே போச்சு. நேரில் கூப்பிடும்போது “சித்தப்பா” என்றே வையுங்கள். மராத்தியில் காகா என்பது அப்பாவின் தம்பி, உறவும் சரியாகப் பொருந்துகிறது. மற்றவர்கள் குறிப்பிடும்போது மட்டும் காகாசாகேப் இருக்கட்டும்.

வேலைக்காரி பெயர் கமலாபாய், வாங்கிவந்தவள் பெயர் கமலா. குழப்பமாக இருக்கிறதென்று ஒருத்தி பெயரை மாற்றிவிடாதீர்கள். சம்பளத்துக்கு ஒரு கமலா, விலைக்கு ஒரு கமலா, தாலிக்கு ஒரு சரிதா என்று ஒரே கூரைக்குள் மூன்று பேர் இருப்பது தற்செயலாக வந்ததில்லை.

கமலா பேசும் தமிழ் எது? எந்த மாவட்ட வழக்கும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மதுரை, கொங்கு, நெல்லை, எதைக் கொடுத்தாலும் இரண்டு கேடு. நம் சினிமா வட்டார வழக்கை நகைச்சுவைக்கென்றே பழக்கிவைத்திருப்பதால், அவள் வாயைத் திறந்ததும் சிரிப்பு வரும். இன்னொன்று, பார்வையாளர் அவளை நம் ஊரில் ஒரு குறிப்பிட்ட சாதியோடு, சமூகத்தோடு ஒட்டவைத்துவிடுவார். கொச்சையாக ‘மலைவாழ் தமிழ்’ ஒன்றைத் தயாரிப்பது இன்னும் மோசம், யாருமே பேசாத மொழி அது. எளிய பேச்சுத் தமிழ், சின்னச் சின்ன வாக்கியம், ஆங்கிலச் சொல் ஒன்றுகூட இல்லாமல். அவளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள தூரத்தை அது ஒன்றே காட்டிவிடும், ஏனென்றால் ஜெயின், ஜெய்சிங் இருவரும் வரிக்கு இரண்டு ஆங்கிலச் சொல் பேசுகிறவர்கள். ஒரு வரியை வைத்துப் பாருங்கள்:

“என்னைத் தாங்கள் எங்கே அழைத்துச் செல்கிறீர்கள்” – எழுத்துத் தமிழ், செத்துக் கிடக்கிறது.
“என்ன எங்கிட்டு இட்டுக்கிட்டுப் போறீக” – அரங்கம் சிரிக்கும்.
“எங்க போறோம்?” – போதும்.

ஜெயின் சரிதாவைக் கொத்தடிமை என்று விளையாட்டாகக் கூப்பிடும் இடம் இருக்கிறதல்லவா, அதற்குத் தமிழில் வேறு சொல் தேட வேண்டாம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அது அன்றைய பத்திரிகைகளில் தினமும் புழங்கிய சொல். ஜெயின் தன் தொழில் சொல்லை நண்பன் மனைவிமேல் கேலியாக வீசுகிறான், அதுதான் உண்மை என்று அவனுக்கே முழுசாகத் தெரியவில்லை. “அழகான கொத்தடிமையே” என்று விளி போட்டால் அரசர் கால நாடகமாகிவிடும். “வரட்டுமா கொத்தடிமை?” என்று சர்வசாதாரணமாக வரட்டும், யாரும் நின்று கவனிக்காத மாதிரி. பார்வையாளருக்குப் பிறகுதான் உறைக்கும்.

இனி விலைக் கேள்வி. சிரிப்பு வருவதற்குக் காரணம் வரியில் இல்லை, நடிப்பில். நடிகை அதை வெகுளிப் பெண் கேட்கும் கேள்வியாக, கண்ணை விரித்து, தலையைச் சாய்த்துக் கேட்டிருப்பார். கமலா வெகுளி இல்லை. சந்தை பார்த்தவள். என்ன வேலைக்கு என்ன விலை என்பது அவளுக்குத் தெரிந்த உலகம். பக்கத்து வீட்டுக்காரி “இந்தப் புடவை எவ்வளவு?” என்று கேட்கும் அதே தொனியில் கேட்க வேண்டும், கையில் ஏதாவது வேலையை வைத்துக்கொண்டு, சரிதா முகத்தைப் பார்க்காமல். சரிதா 700 என்று சொல்லும்போது மறுபடி சிரிப்பு வரலாம். வரட்டும். அடுத்துக் கமலா போடும் கணக்கு அந்தச் சிரிப்பை அடக்கிவிடும். இவ்வளவு கொடுத்து வாங்கி, பிள்ளையும் இல்லையென்றால் எசமானுக்கு நஷ்டமாச்சே என்று அவள் நிஜமாகவே கவலைப்படுகிறாள். அப்புறம் அவள் வேலையைப் பங்கு பிரிக்கிறாள், மாதத்தில் எசமானோடு ஆளுக்கு 15 நாள், வீட்டு வேலை எல்லாம் தனக்கு, கணக்கு வழக்கும் மனுஷாளிடம் பேசுவதும் சரிதாவுக்கு. அவளிடம் இருக்கிற ஒரே பெருந்தன்மை அது. இதை நகைச்சுவையாகச் செய்தால் நாடகமே கவிழ்ந்துவிடும்.

தமிழ்ப் பார்வையாளருக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலும் இருக்கிறது. நம் ஊரில் கல்யாணத்தில் பணம் போவது பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு. “வாங்கினார்” என்றதும் “நாங்கதானே கொடுத்து வாங்கினோம்” என்று வரதட்சணை நினைப்பு ஓடும். அதற்கு ஏற்றமாதிரி ஒரு வசனம் சேர்க்க மொழிபெயர்ப்பாளருக்குக் கை அரிக்கும். கைத்தட்டலும் கிடைக்கும். சேர்க்காதீர்கள் தோழர். அந்தக் கைத்தட்டல் கமலாவின் கேள்வியை அவளிடமிருந்து பிடுங்கி நம் பிரச்சினையாக்கிவிடும்.


பெட்டியடி எழுதியது:

செட், சாமான், உடை.

புடவை: இதில்தான் அதிகம் பேர் தவறு செய்வார்கள். பார்ப்பவரை ஈர்க்கிற மாதிரி கிழித்துவிடுவார்கள். கிழிசல் மார்புப் பக்கமோ தொடைப் பக்கமோ வரவே கூடாது. முந்தானை ஓரம், தோள்மேல் விழும் மடிப்பு, கணுக்கால் ஓரம், இவ்வளவுதான். உள்ளே முழு ரவிக்கை, கணுக்கால் வரை பாவாடை, இரண்டும் புடவை நிறத்திலேயே. ஜெய்சிங்தான் அந்தக் கிழிசலை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறான், நம் பார்வையாளர் பார்க்க வேண்டியது அவன் அப்படி நினைப்பதை.

செய்முறை: மெல்லிய பருத்திப் புடவை 2 வாங்குங்கள், ஒரே நிறம். ஒன்று ஒத்திகைக்கு, ஒன்று மேடைக்கு. பாலியெஸ்டர் கலந்திருந்தால் கறை பிடிக்காது, ஒரு நூலை உருவி எரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், உருகி உருண்டையானால் கலப்பு. 5 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் தேயிலை, ஒரு கைப்பிடி உப்பு போட்டு 10 நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, அதில் புடவையை அரை மணி நேரம் ஊறவையுங்கள். வடிகட்டாமல் போட்டால் தேயிலை ஒட்டிய இடமெல்லாம் புள்ளி புள்ளியாகும். நிழலில் காய்ந்ததும் ஓரத்தையும் மடிப்புகளையும் 120ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்தால் இழை தானாகப் பிரியும். கத்தரிக்கோல் வைத்தால் வெட்டு நேராக விழுந்து, புதுத் துணியைக் கிழித்தது என்று நான்காவது வரிசைக்கே தெரிந்துவிடும். கிழிசலைச் சுற்றி உள்பக்கமாக நெருக்கமான ஓட்டுத் தையல் போட்டு நிறுத்துங்கள், இல்லையென்றால் மூன்றாவது காட்சிக்குள் அடி வரை ஓடிவிடும். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கையால் அலச வேண்டும். அழுக்காகத் தெரிய வேண்டுமே தவிர அழுக்காக இருக்கக் கூடாது, அதை உடுத்துவது ஒரு நடிகை.

முக்காடு: கமலா முக்காடு போட்டபடி வருகிறாள். துணி கனமாக இருந்தால் ச, ஷ, த எல்லாம் அமுங்கிப் போகும். காலர் மைக் வைத்தால் துணி உரசுகிற சத்தம்தான் கேட்கும். 150 இருக்கைக்கு மைக்கே வேண்டாம். முதல் வாரத்திலிருந்தே நடிகை துப்பட்டாவைத் தலையில் போட்டுப் பழகட்டும். வரும்போது மூக்கு வரை முக்காடு, மாலைக்குள் புருவம் வரை, இரவில் சரிதாவோடு தனியாக இருக்கும்போதுதான் முழு முகம் தெரிய வேண்டும். பத்திரிகைக்காரர்கள் பார்க்காத அந்த முகத்தைச் சரிதா பார்க்கிறாள். லைட்டை அதற்குத் தகுந்தமாதிரி வையுங்கள், நீல நிறம் போடாதீர்கள், காதல் காட்சி மாதிரி ஆகிவிடும். ஒரு மேசை விளக்கும் மேலிருந்து 15 சதவீத மஞ்சள் ஒளியும் போதும். மேசை விளக்கில் சாதாரண எல்இடி பல்ப் போட்டு, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் இணைத்தால் துடிக்கும், டிம் ஆகும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

டெலிபோன்: கறுப்பு டயல் போன். இது வெறும் அலங்காரச் சாமான் இல்லை. வருகிற ஒவ்வொரு அழைப்பையும் யார், என்ன என்று சரிதா குறித்துவைக்க வேண்டும் என்பது ஜெய்சிங் உத்தரவு. அந்த வீட்டில் அவள் வேலை என்ன என்பதை முதல் 5 நிமிடத்தில் அந்த போனும் நோட்டும்தான் சொல்கின்றன. மொபைலுக்கு மாற்றினால் ஜெய்சிங்கே பேசிவிடுவான், சரிதாவுக்கு அந்த வேலையே இல்லாமல் போகும். காலத்தை மாற்றக் கூடாது என்று மேலே தோழர் சொன்னதற்கு என் பக்கத்துக் காரணம் இது.

மணிச் சத்தம் பழைய இரட்டை மணியாக இருக்க வேண்டும். 0.4 வினாடி மணி, 0.2 இடைவெளி, மறுபடி 0.4 மணி, பிறகு 2 வினாடி அமைதி. இணையத்தில் கிடைக்கிற நீளமான ஒற்றை மணி அமெரிக்க போன், காதுக்கு உடனே தெரியும். ஸ்பீக்கரைப் போன் வைத்த மேசைக்கு அடியிலேயே மறைத்து வையுங்கள், கம்பி இணைப்போடு. புளூடூத் வேண்டாம், சில நிமிடம் சத்தம் இல்லையென்றால் பல ஸ்பீக்கர் தூங்கிவிடும், முதல் மணி விழுங்கப்படும். ரிசீவரைத் தூக்கிய பிறகும் மணி அடிப்பதுதான் இந்த நாடகத்தில் அடிக்கடி நடக்கக்கூடிய விபத்து. ஆகவே ஒலி இயக்குபவர் நடிகையின் கையைப் பார்க்கும் இடத்தில் உட்கார வேண்டும், வசனத்தை வைத்து நிறுத்தக் கூடாது. மணி அடங்கும் 2 வினாடி இடைவெளியில் ரிசீவரைத் தூக்க நடிகைகளும் பழகினால் பாதித் தொல்லை தீரும்.

செய்தித்தாள்: ஏ4 தாளை ஒட்டிச் செய்தால் விளம்பரத் துண்டு மாதிரி இருக்கும். ஏ2 அளவு ஒரு பக்கம் என்று வைத்து, கறுப்பு வெள்ளையில், செய்தித்தாள் காகிதத்திலேயே அச்சடியுங்கள். சாதாரண 70 ஜிஎஸ்எம் தாள் புரட்டும்போது சடசடவென்று வசனத்தை மறைக்கும். பத்திரிகைப் பெயர் கற்பனையாக இருக்கட்டும். முதல் பக்கத்தில் பெண் படம் போடாதீர்கள்.

மாடிப்படி இல்லாததைப் பற்றிக் கவலை வேண்டாம். உள் அறைக்கு ஒரு கதவு, வெளியே ஒரு கதவு, சமையலறைக்கு ஒரு திரை. படுக்கையறைக் கதவுக்கு முன் 6 அங்குல உயர மேடை ஒன்று போட்டால் ஏறிப்போகிற உணர்வு வந்துவிடும்.


மூன்றாவது மணி எழுதியது:

பெட்டியடி சொன்ன முக்காட்டு வரிசை நல்ல யோசனை. ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். பத்திரிகையாளர் கூட்டத்துக்குக் கிளம்பும்போது முக்காடு புருவம் வரை ஏறியிருக்கக் கூடாது, அப்போதும் மூக்கு வரைதான். வேடிக்கை காட்டக் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போகிறவள் அவள். அங்கே முகத்தைத் திறக்கச் சொல்லியிருப்பார்கள் என்பதைப் பார்வையாளர் தானாக யோசிக்கட்டும். திரும்பி வரும்போது புருவம் வரை.


ஆவணக்காரர் எழுதியது:

உரிமை பற்றி யாரும் சொல்லவில்லை. டெண்டுல்கர் மறைந்தது 2008 மே 19. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு, அதாவது 2068 முடியும் வரை பதிப்புரிமை உண்டு. நீங்கள் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்திருப்பதால் இரண்டு இடத்தில் அனுமதி வேண்டும்: மராத்தி மூலத்தின் உரிமைதாரர், ஆங்கில மொழிபெயர்ப்பின் உரிமைதாரர். ஆங்கிலப் பதிப்பை வெளியிட்ட பதிப்பகத்தின் உரிமைப் பிரிவுக்கு எழுதினால் இரண்டு பக்கத்துக்கும் வழி கிடைக்கும். கடிதத்தில் அரங்கின் பெயர், இருக்கை எண்ணிக்கை, எத்தனை காட்சி, டிக்கெட் உண்டா, எந்த மொழி, எவ்வளவு வெட்டு, வீடியோ பதிவு உண்டா என்பதெல்லாம் இருக்கட்டும். யூடியூபில் ஏற்றுவது தனி அனுமதி, மேடை அனுமதியில் அது அடங்காது.

கல்வி நிறுவனத்துக்குள் மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் பார்க்கும் நிகழ்ச்சிக்கும், அமெச்சூர் குழு கட்டணமில்லாமல் போடுவதற்கும் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் மொழிபெயர்ப்பது தனி உரிமை என்பதால் அதை நம்பிக் கடிதத்தை விட்டுவிடாதீர்கள்.

தமிழ்நாட்டில் நாடகப் பிரதியைப் போலீசிடம் கொடுத்து அனுமதி வாங்கும் பழைய ஏற்பாடு 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்துவிட்டது. அரங்கு நிர்வாகம் பழக்கத்தில் கடிதம் கேட்டால், நிகழ்ச்சி நடப்பதைத் தெரிவிக்கும் தகவல் கடிதமாக மட்டும் கொடுங்கள், பிரதியை இணைக்க வேண்டாம்.


திரைச்சீலை எழுதியது:

கோடி நன்றி. ‘காகா’ விஷயம் யாருக்குமே தோன்றவில்லை, இன்றே மாற்றியாயிற்று. இன்னும் இரண்டு. 2 மணி 5 நிமிடத்தை எங்கே குறைப்பது? அடுத்து, போஸ்டர். வடிவமைப்பாளர் கிழிந்த புடவையில் குந்தியிருக்கும் பெண்ணின் நிழலுருவம் ஒன்று கொடுத்திருக்கிறார், அழகாகவே இருக்கிறது.


நேரிசை எழுதியது:

வாசிப்பில் 2.05 என்றால் மேடையில் நடை, மௌனம் எல்லாம் சேர்ந்து 2.20 ஆகிவிடும். வாசிப்பை 1.40க்குக் கொண்டுவாருங்கள். ஜெயினுடைய டெல்லி அரசியல் வம்பில் பாதி போகலாம், அந்தப் பெயர்கள் இன்று யாருக்கும் எட்டாது. போன் அழைப்புகளில் மூன்றில் ஒன்றை எடுக்கலாம், ஆனால் மிரட்டல் அழைப்பை விட்டுவைக்க வேண்டும். காகாசாகேப் பத்திரிகை தர்மம் பேசும் இடங்களை எல்லோரும் முதலில் வெட்டுவார்கள். அவர் மாநில மொழியில் சின்னப் பத்திரிகை நடத்துகிறவர். மக்கள் மொழியில் எழுதாத பத்திரிகை யாருக்காக என்று மருமகனைக் கேட்கும் உரிமை அந்த மேடையில் அவர் ஒருவருக்குத்தான். சுருக்கலாம், எடுக்காதீர்கள். முதலாளி சேட் ஜெய்சிங்கை வேலையை விட்டுத் தூக்குவது பற்றிய பகுதி வேகமாகப் போனால் நல்லது. பெரிய மனிதர்கள் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள், அழுத்தம் வந்தது, ஆளை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். கமலாவை அவன் எவ்வளவு சுலபமாக அனுப்பினானோ அவ்வளவு சுலபமாக அவனை அனுப்புகிறார்கள். நீட்டி விளக்கினால் அவன்மேல் தேவைக்கு அதிகமாக இரக்கம் வந்துவிடும்.

சரிதா தானும் ஒரு பத்திரிகையாளர் கூட்டம் போடப்போகிறேன், என் கணவன் ஓர் அடிமையை வைத்திருக்கிறான் என்று உலகத்துக்குக் காட்டப்போகிறேன் என்று பேசும் நீண்ட வசனத்தில் ஒரு வரிகூடக் குறைக்க வேண்டாம். மைக் முன்னால் நிற்பவள் மாதிரி குரலை உயர்த்தாமல், சித்தப்பாவிடம் வீட்டுக் கணக்கு ஒப்பிப்பது மாதிரி சொல்லட்டும். முழக்கமாக்கினால் கைத்தட்டல் விழும், அதற்குப் பிறகு அவள் அதே வீட்டில் அதே கணவனைக் கவனித்துக்கொண்டிருப்பது முரணாகத் தெரியும்.


பெட்டியடி எழுதியது:

போஸ்டரை மாற்றுங்கள் தோழர். நிழலுருவம் என்றாலும் அது ஜெய்சிங் எடுக்க விரும்பிய படம்தான். டெலிபோனும் நோட்டும் போடுங்கள், அல்லது வெறும் விலைச்சீட்டு, 250 என்று. பத்திரிகைக்குக் கொடுக்கும் ஒத்திகைப் படங்களிலும் கமலா உடையில் நடிகை தனியாக இருக்கும் படம் வேண்டாம், சரிதாவோடு சேர்ந்து இருப்பதைக் கொடுங்கள். தனிப் படம் கொடுத்தால் அதைத்தான் போடுவார்கள்.

நாடகம் முடிந்து பார்வையாளர் செல்பி எடுக்க வரும்போதும் இதே பிரச்சினைதான். கமலா ஆசிரமத்துக்குப் போன பிறகு நாடகம் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும், அதற்குள் நடிகை உடை மாற்றிவிடலாம். கடைசி வணக்கத்துக்குத் தன் சொந்த உடையில் வரட்டும். புடவையை அலசக் கொடுக்கும் பையில் போட்டு, பையை உடை பார்ப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள், ஒப்பனை அறைக் கொக்கியில் தொங்கவிடாதீர்கள்.